கிழங்கும் இஞ்சியும்

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அது அம்மாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றப் பெண்கள் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா தராசு முள்ளை மட்டும் பார்ப்பார். "சிரிச்சுக்கிட்டே அமுக்கிருவானுங்க" என்பார். அப்படி வளர்ந்தவள் நான். யாராவது காரணமில்லாமல் அன்பாகப் பேசினால் முதலில் அவர்களுடைய கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் பரவிய காய்ச்சல் அந்த வருடம் எங்கள் மலைக்கும் வந்தது. பத்திரிகைகளில் அதற்கு ஆசியக் காய்ச்சல் என்று பெயர். தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் கப்பல் காய்ச்சல் என்றார்கள். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, டிக்கெட் வாங்காமல் ரயிலேறி வந்துவிட்டதாம். கல்லூரியை மூடினார்கள். கண்டிப் பக்கத்துப் பெண்களும் யாழ்ப்பாணத்துப் பெண்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்து வாசலில் காவல்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர்.

"தொரை ஓடரு பாப்பா. வெளியாளு ஒருத்தரையும் உள்ள விடக்கூடாதாம்."

"நான் வெளியாளா மாமா?"

"டவுனுக்குப் படிக்கப் போயிட்டீங்கல்ல. இப்ப வெளியாளுதான்."

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் லயத்து ஒற்றை அறையில் அம்மாவோடும் தம்பிகளோடும் போய்ப் படுத்து, அவர்களுக்கும் காய்ச்சலைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. வந்த பஸ்ஸிலேயே கல்லூரி விடுதிக்குத் திரும்பினேன். என்னைப்போலத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத்துப் பெண்கள் சிலர் ஏற்கனவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரிய கட்டிடத்தில் எங்களோடு இருந்தவர்கள் வார்டன் மிஸ்ஸும் சமையல்கார அக்காவும் மட்டுந்தான்.

வார்டன் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சேலை, இறுக்கிய கொண்டை, நடந்தால் சத்தமே வராத செருப்பு. சத்தமில்லாமல் நடக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். தட்டைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நல்ல காலத்தில் அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கெட்ட காலம் வேகமாக வந்தது. விடுதிக்கு அரிசி கொடுக்கும் கடைக்காரர் வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் விழுந்தார்கள். மரக்கறி லொறி வரவில்லை. சோறு ஒருவேளையாகி, பிறகு ரொட்டியாகி, கடைசியில் மரவள்ளிக் கிழங்கில் வந்து நின்றது. பகலும் அவித்த கிழங்கு, இரவும் அவித்த கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகாய். அதிலும் துண்டுகள் நாளுக்கு நாள் சிறுத்தன. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்களிடமிருந்து முதலில் பறந்தது கூச்சம். ஒருத்தி தட்டை மற்றவள் வெளிப்படையாகவே எட்டிப் பார்த்தாள். சமையல்கார அக்கா பானையின் அடியை வழிக்கும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். மூடிய கதவுக்குப் பின்னால் வார்டன் மிஸ்ஸின் தட்டில் சோறு இருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் முடிவுசெய்துவிட்டோம். எனக்கு மட்டும் அதற்குமேல் முட்டையும் தெரிந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா இல்லை. அவளுடைய அம்மா தோட்டத்துத் தேயிலை ஆலையில், ஸ்டோரில், தூள் சலித்து இவளைப் படிக்கவைத்தார். அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்க வந்தவள் இவள் ஒருத்திதான். எனக்கு நேர் எதிரான பிறவி. கேட்டதையெல்லாம் நம்புவாள், எல்லாரிடமும் சிரிப்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் பசிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். கண்டுபிடித்தோம் என்பதுகூடப் பொய். லயத்தில் சோறு இல்லாத வேளையில் பிள்ளைகளுக்கு வெறும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த வைத்தியம் அது. குளியலறைக்குப் பின்னால் வெந்நீர் போடும் விறகடுப்பு இருந்தது. அதில் ஒரு பால்மா டின்னை வைத்து, தேயிலைத் தூளைப் போட்டுக் கறுக்கும்வரை கொதிக்கவிட்டுக் குடிப்போம். சீனி இல்லை, பால் இல்லை. காலையில் குடிப்போம், பத்து மணிக்குக் குடிப்போம், கிழங்கு தீர்ந்த பிறகு குடிப்போம், படுக்கப் போகுமுன் குடிப்போம். தூள் மட்டும் அவளிடம் குறையவே இல்லை. பூட்டிய தகரப் பெட்டிக்குள்ளிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக்கொண்டு வருவாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும்.

காய்ச்சல் வராமலிருக்க வார்டன் மிஸ் தினமும் காலையில் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீர் கொடுப்பார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, தொண்டைக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்பதுபோலவே இருக்கும்.

ஒரு நாள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்துக் கட்டில்காரியின் கோப்பை கடகடவென்று ஆடியது. பிறகு அடுப்படியில் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே இதயம் உலக்கை குத்துவதுபோல இடித்தது.

"ராத்திரி பூரா கண்ணே மூடல புள்ள. ஒனக்கு?"

எனக்கும் அதே கதைதான். கை நடுங்கியது. படுத்தால் கூரைத் தகரம் நெளிகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். "இஞ்சித் தண்ணியக் குடுத்துட்டு, அதுக்கு மேல மரவள்ளிக் கெழங்கு குடுக்குறாங்க. கெழங்கும் இஞ்சியும் சேந்தா வெசம்ல?"

மரவள்ளிக் கிழங்கு தின்ற வயிற்றில் இஞ்சி படக்கூடாது என்பது இந்த நாட்டில் தமிழர், சிங்களவர் எல்லாரும் சொல்லுவது. கிழங்கு அவிக்கும் நாளில் அம்மா இஞ்சியைக் கூரைக்குக் கீழேயே வைக்கமாட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் வார்டன் மிஸ்ஸுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? எல்லாரையும் நம்புகிறவளே சந்தேகப்பட்டுவிட்டாள். எனக்குச் சொல்லவேண்டுமா?

நாங்கள் எல்லாரும் சேர்ந்து வார்டன் மிஸ்ஸிடம் போனோம். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடியக் குடிக்கிறது இஞ்சி. மத்தியானம் தின்னுறது கிழங்கு. ரெண்டும் வயித்துக்கை போய் இருந்து கலியாணம் பேசுமே? ரீச்சராகப் போற பிள்ளையள் நீங்கள்."

ஆனாலும் அடுத்த நாளிலிருந்து தண்ணீரில் இஞ்சி இல்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று. குற்றமில்லாதவர் எதற்கு நிறுத்தவேண்டும் என்று நான் கேட்டேன். இஞ்சி நின்றும் இவளுடைய நடுக்கம் நிற்கவில்லை. "இப்ப ஒளிச்சு வச்சு அரைச்சுக் கலக்குறாங்க" என்றாள். கிழங்கைக் குறைத்தாள். பிறகு தொடுவதையே விட்டாள். தன் கையால் போட்ட தேத்தண்ணி மட்டுந்தான் நம்பிக்கையானது என்றாள். அது அவள் அம்மா கொடுத்தனுப்பிய தூள். நடுக்கம் கூடக்கூட, பார்த்தாயா விஷத்தை என்று இன்னும் ஒரு டின் கொதிக்கவைப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. ஒருத்தி சாப்பிடாமல் எத்தனை நாள் இருப்பாள்? பெட்டிக்குள் அவலோ கடலையோ வைத்திருக்கிறாள், நான் பார்க்காதபோது தின்கிறாள் என்று எனக்குள் ஓடியது. பசியில் அது சந்தேகமாக இல்லை, கண்ணால் கண்டதுபோலவே இருந்தது.

"பொட்டியத் தொறந்து காட்டு."

"மாட்டேன்."

"அப்ப உள்ள என்னமோ இருக்கு."

"இருக்கும். ஒனக்கென்ன?"

நான் அவளோடு பேசுவதை விட்டேன். அவளுடைய தேத்தண்ணியையும் விட்டேன். ரோஷம்தான். முதல் இரண்டு நாள் தலை பிளந்தது. காய்ச்சல் வந்துவிட்டது, இனி பிணமாகத்தான் லயத்துக்குப் போவேன், அப்போதாவது காவல்காரர் உள்ளே விடுவார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தூக்கம் வந்தது. விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்து கையை நீட்டிப் பார்த்தேன். விரல்கள் அசையாமல் நின்றன.

அன்று பகல்தான் அந்தக் காரியம் நடந்தது. சமையல்கார அக்கா தட்டை அவள் முன்னால் வைத்து, "கொஞ்சமாச்சும் தின்னும்மா, பாக்கச் சகிக்கல" என்றார். இவள் தட்டைத் தட்டிவிட்டு, "கொல்றாங்க, எல்லாரையும் கொல்றாங்க" என்று கத்தினாள். கிழங்குத் துண்டுகள் சிமெந்துத் தரையில் உருண்டன. எங்களில் ஒருவரும் அவளைப் பிடிக்கப் போகவில்லை. குனிந்து கிழங்கைப் பொறுக்கினோம். நானும் ஒரு துண்டு பொறுக்கினேன். தூசியை ஊதிவிட்டுத் தின்றேன்.

வார்டன் மிஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"டொக்டர் எல்லாரையும் பார்க்கச் சனிக்கிழமை வருவார். அவரிட்டைச் சொல்லி இவவைக் கொழும்புக்கு அனுப்பவேணும். மூளை பிசகிப்போச்சு."

கொழும்பு என்றால் பைத்திய ஆஸ்பத்திரி. அங்கே போய்வந்த பெண்ணை நம்பி யார் வகுப்பறையைக் கொடுப்பார்கள்? தோட்டத்துக்குத் திரும்பினாலும் கூடையைக் கொடுத்துக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பமாட்டார்கள். அவளுடைய அம்மா இத்தனை வருடம் தூசியை மூச்சாக இழுத்து வளர்த்தது எல்லாம் கொழும்புக்குப் போகிற அந்த ஒரு வாகனத்தோடு போய்விடும். அவள்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் சாப்பிடவில்லை, நடுங்குகிறாள். நான் அதே பானைக் கிழங்கைச் சாப்பிடுகிறேன், நடுங்கவில்லை. அப்படியென்றால் கிழங்கில் ஒன்றுமில்லை. முந்திய வாரம் நானும் நடுங்கினேன். அதற்குப் பிறகு நான் விட்டது எதை? விட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சந்தேகப்பட எனக்கே மனம் வரவில்லை. வார்டனைச் சந்தேகப்படலாம், கடைக்காரனைச் சந்தேகப்படலாம். பால் மறந்த நாளிலிருந்து குடித்த சாயத்தண்ணியை எப்படிச் சந்தேகப்படுவது? ஆனால் ஒருமுறை முளைத்த சந்தேகத்தை விட்டுவிடுகிற பழக்கம் என்னிடம் இல்லை.

"தூளுதான் புள்ள" என்றேன் அவளிடம். "வெறும் வயித்துல அந்தக் கறுப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் இப்படி அடிக்குது. நான் விட்டேன், நல்லாயிட்டேன்."

"எங்கம்மா குடுத்ததுல வெசமா? வாய் அழுகிப் போயிரும்டி ஒனக்கு."

"வெசமில்ல. வேகம். ஒனக்கு வயித்துல ஒண்ணுமில்ல."

ஆத்திரத்தில் கழுத்துக் கயிற்றை இழுத்து, பெட்டியைத் திறந்து காட்டினாள். அவலும் இல்லை, கடலையும் இல்லை. துணிகளுக்கு அடியில் ஒரு தலையணை உறை நிறையத் தேயிலைத் தூள். கறுகறுவென்று, மூக்கில் ஏறுகிற வாசனை. தொழிலாளிகளுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற கழிவுத் தூள் இல்லை அது. கப்பலுக்குப் போகிற தூள். அவள் குரல் இறங்கியது. அம்மா வேலை முடிந்து வரும்போது மாராப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக் கொண்டுவந்தாராம். ஸ்டோர் வாசலில் பெண்களைத் தடவிப் பார்ப்பார்களாம். பிடிபட்டால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வார்டன் மிஸ்ஸுக்குச் சொந்தக்காரர். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் அம்மா மடியில் இருந்தது, பயத்தை மகள் சுமந்துகொண்டிருந்தாள்.

மூட்டையைத் தூக்கினேன். அவள் பாய்ந்து பிடித்தாள். பிடித்த கைகளில் பலமே இல்லை. நான் இழுத்தபோது அவளும் சேர்ந்தே வந்தாள். "கள்ளி, நீயும் அவங்க ஆளா" என்று அலறினாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் வார்டன் மிஸ் நின்றார்.

"என்ன அது?"

"என்னோட தேயிலத்தூள் மிஸ். இவ பொட்டியில வச்சிருந்தேன். இதத்தான் இவ சாப்பாட்டுக்குப் பதிலா குடிச்சுக்கிட்டிருந்தா. நடுக்கம் அதாலதான் மிஸ், மூளையால இல்ல."

"உமக்கு எங்காலை இவ்வளவு?"

"தோட்டத்துல குடுத்தது மிஸ்."

வார்டன் மிஸ் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டு மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்காத அளவுக்குப் புத்தி அவளுக்கு மிச்சம் இருந்தது.

"தோட்டத்திலை நல்ல தூளாய்த்தான் குடுக்கினம்" என்றார் வார்டன் மிஸ். "சரி. சனிக்கிழமைக்குள்ளை இவ சாப்பிடவேணும். இல்லாட்டி நான் சொன்னது சொன்னதுதான்."

மூட்டையைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு மாலை வேளைகளில் அந்தக் கதவிடுக்கு வழியாக அருமையான தேத்தண்ணி வாசனை வந்தது. அது என் கற்பனை என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் கற்பனை கிடையாது. கிளாக்கரிடம் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதும் தெரியாது. அந்த அம்மாவின் வேலை மட்டும் போகவில்லை.

தூள் போனதும் அவளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நடுக்கம் குறைந்தது, தூக்கமும் வந்தது. ஆனால் சாப்பாட்டைத் தொடவில்லை. கிழங்கில் விஷம் என்ற எண்ணம் தூளோடு போகவில்லை. நான் அவள் பங்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டையும் முதலில் நான் பாதி கடித்து, மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, மற்றப் பாதியை அவளிடம் நீட்டினேன். காய்ச்சல் காலத்தில் ஒருவர் எச்சிலை ஒருவர் தொடவே கூடாது என்று வார்டன் மிஸ் உத்தரவு. தொற்றினால் தொற்றட்டும் என்றிருந்தது எனக்கு. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாங்கமாட்டாள். ஆறிப்போன மற்றப் பாதியையும் கடைசியில் நானே தின்பேன். அந்தப் பசியில் கிழங்கை வீணாக்க என்னால் முடியவில்லை.

வியாழன் அப்படிப் போயிற்று. வெள்ளியும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை காலை மேட்டில் டொக்டரின் வாகனம் முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. தட்டில் இருந்ததில் பெரிய துண்டாக எடுத்து, அவசரத்தில் முக்கால்வாசியைக் கடித்துவிட்டேன்.

அவள் படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, ஒம் பங்கத் தின்னுட்டுத்தான வந்த?"

நான் வாயில் கிழங்கோடு விழித்தேன்.

"ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்புட வைக்கிறேன் சாப்புட வைக்கிறேன்னு எம் பங்கையும் சேத்து நீதான் திங்கிற. கொண்டா இங்க!"

தட்டைப் பிடுங்கினாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முழங்கையால் தட்டை மறைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள். நான் என் வாழ்க்கையில் யாருடைய சந்தேகத்தைக் கண்டும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டரும் வார்டன் மிஸ்ஸும் உள்ளே வந்தபோது அவள் மிளகாயை வழித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வார்டன் மிஸ்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

"பசிங்க டொக்டர்" என்றாள்.

அவரிடம் அதற்கு மருந்து இருக்கவில்லை. பையை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.